குளிருக்கேற்ற பிரைமர்

கால்கரி,
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நான் நலம். குரல் செய்தி அனுப்பாதே, எது வேண்டுமானாலும் எழுத்தில் கேள் என்று கிளியரிங் ஏஜென்ட் தோரணையில் உத்தரவு போட்டிருக்கிறாய். எழுதுகிறேன். பிப்ரவரி கடைசியில் கனடாவை விட்டு மொத்தமாக ஊருக்கு வருகிறேன். வீட்டுச் சாமான் கன்டெய்னரில் முன்னால் வந்துவிடும். கஸ்டம்ஸிலிருந்து நீதான் எடுத்துத் தர வேண்டும்.

இன்னொரு விஷயம். வேட்டைக்குப் போகும்போது என் தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? பித்தளைக் குப்பி, உள்ளே மருந்து, மேலே குண்டு, அடியில் பிரைமர். தீபாவளித் துப்பாக்கியில் வைத்துச் சுடுவோமே கேப், அதற்குப் பெரியண்ணன். முதல் தீ அதிலிருந்துதான் வரும். மேக்னம் தோட்டாவில் மருந்து அதிகம், அதுவும் மெதுவாக எரிகிற ரகம். உறைபனியில் சாதாரண பிரைமர் போட்டால் தீ சரியாகப் பிடிக்காது. இங்கே பாதிப்பேர் கடையில் கிடைத்ததைப் போட்டுச் சுட்டுவிட்டு, மான் தப்பிவிட்டது என்று புலம்புகிற முட்டாள்கள். நான் மூன்று மாதம் பனியில் நின்று, பல கம்பெனிச் சரக்கைச் சுட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அதில் ஓராயிரம் கொண்டுவர வேண்டும். அங்கே வந்து ரைஃபிள் லைசென்ஸ் எடுத்தாலும், நம் ஊர்ச் சரக்கை நம்பி நான் சுட முடியாது. தட்டோடு அடுக்கி வைத்தால் பயமில்லை. டப்பாவில் கொட்டிக் குலுக்கினால்தான் கை போகும். சாமானோடு வைத்துவிடுகிறேன். எடுப்பது நீ. யார் கேட்கப்போகிறார்கள்?

அன்புத் தம்பி,
ரெஜி

*

ராயபுரம்,
15 நவம்பர் 2024

அன்புள்ள ரெஜி,

நீ நலம் என்பதில் சந்தோஷம். நான் நலமா என்று கேட்க இடம் போதவில்லை போலிருக்கிறது, பிரைமரே பக்கத்தை நிரப்பிவிட்டது. எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. மற்றபடி குறைவில்லை.

மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ராயபுரத்துக்கு உறைபனிப் பிரைமர். மூன்று மாதம் ஆராய்ச்சி செய்தவனுக்கு இது தோன்றவில்லை. இங்கே எதைச் சுடப்போகிறாய்? எண்ணூரில் சாம்பல் தண்ணீரில் நிற்கிற கொக்கையா? வேட்டையே இங்கே குற்றம். பிரைமர் தனியாக வந்தாலும் தோட்டா வந்த மாதிரிதான். அனுமதி இல்லையென்றால் கேஸ்.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று உன்னைக் கேட்டு எழுதியிருந்தேன். 'எதுவானாலும் சரி' என்று ஒரு வரியில் பதில் போட்டாய். பொட்டளவு பிரைமருக்கு மூன்று மாதம். இருக்கட்டும்.

என் ஏஜென்ட் லைசென்ஸ், உன் அத்தான் இறந்த பிறகு நான் நாற்பது வயதில் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதி வாங்கியது. அது போனால் எனக்கும், என்னோடு சாமான் இறக்குகிற ஜெயவேலுக்கும் வேறு பிழைப்பு கிடையாது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றே ஒன்றுகூட வைக்காதே.

உன் அக்கா,
ஹெப்சி

*

கால்கரி,
3 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சரி, வைக்கவில்லை. பிரைமருக்கும் பட்டாசுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் இதைப் பேசியது என் தப்பு. ஒரு முத்திரையைப் பார்த்தாலே நடுங்குகிற ஊர் அது. பன்னிரண்டு வருடம் தள்ளி இருந்ததில் மறந்துவிட்டேன். காசிமேட்டு மீன் நாற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதைப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

கோபமும் இல்லை. சாமானோடு உனக்கு ஒரு தையல் டப்பா அனுப்புகிறேன். மூடியில் உன் பெயர் எழுதியிருக்கிறேன். நீயே எடுத்துக்கொள், வேறு யாரையும் திறக்க விடாதே.

அன்புத் தம்பி,
ரெஜி

*

ராயபுரம்,
21 பிப்ரவரி 2025

ரெஜிக்கு,

மாதவரம் யார்டில் நேற்று உன் கன்டெய்னரைத் திறந்தார்கள். அதிகாரி சோதனைக்கு நிற்க, ஜெயவேல் ஒவ்வொன்றாக இறக்கினான். டப்பாவும் வந்தது. 'ஹெப்சி அக்காவுக்கு' என்று உன் கையெழுத்து. நீ வெளிநாடு போன பிறகு எனக்கென்று அனுப்பிய முதல் பொருள். "என் தம்பி எனக்கு வாங்கினது" என்று ஜெயவேலிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவன் அதைக் காதோரம் வைத்துக் குலுக்கினான். "இன்னாக்கா, தையல் டப்பான்றே, ஊசி நூலு சத்தமே காணோம்? உள்ள இன்னாமோ கெட்டியா கீது" என்றான்.

குலுக்கினால் கை போகும் என்று எழுதியவன் நீ. யாருடைய கை என்று யோசிக்கவில்லை. நான் பிடுங்கித் தரையில் வைத்தேன். "இன்னாக்கா, உள்ள பாம்பு கீதா?" என்று அவன் சிரித்தான்.

அதிகாரியை நானேதான் கூப்பிட்டேன். திறந்தார்கள். மேலே நாலு நூல்கண்டு, அதற்குக் கீழே பஞ்சு, பஞ்சுக்கு அடியில் நீ பனியில் நின்று தேர்ந்தெடுத்த சரக்கு தட்டுத் தட்டாக. மூடியில் என் பெயர் இருந்ததால் முதல் கேள்வி எனக்குத்தான். உன் இரண்டு கடிதங்களையும் என் பதிலையும் அச்செடுத்துக் கொடுத்தேன். எழுத்தில் கேள் என்று நான் சொன்னதைத்தான் தோரணை என்றாய்.

லைசென்ஸ் பிழைத்துவிடும் என்கிறார்கள். விசாரணை முடியும் வரை என் ஆபீஸ் பூட்டித்தான் கிடக்கும். ஜெயவேல் இன்று காலை காசிமேட்டுக்கு மீன் பெட்டி தூக்கப் போய்விட்டான். நீ வரும் விமானத்தைக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம். உன்னை அழைக்க ஏர்போர்ட்டுக்கு நான் வரமாட்டேன். வேறு ஆட்கள் வருவார்கள்.

பிரைமரை ஒருவேளை என்றைக்காவது மன்னிப்பேன். அந்த டப்பாவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனே, அதை மன்னிக்க மாட்டேன்.

ஹெப்சிபா ஞானராஜ்
கிளியரிங் ஏஜென்ட்