எலிக்கு வராத சர்க்கரைத் தண்ணீர்

என் அன்பானவளுக்கு,

நீயும் பாப்பாவும் நலம்தானே? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஆய்வுக்கூடத்தில் ஒரு தவறு செய்தேன். பயப்படாதே, வேலை போகவில்லை. விளக்கு எரிந்ததும் எலிக்குக் குழாயில் சர்க்கரைத் தண்ணீர் வர வேண்டும். நான் பாட்டிலை நிரப்ப மறந்துவிட்டேன். என்னை எலி மாமா என்று கூப்பிடும் ஆராய்ச்சி அம்மா திட்டவில்லை, கணினித் திரையைக் காட்டிச் சிரித்தார்.

"எலி மாமா, இங்க பாருங்க. முதல்ல தண்ணி குடிச்சாத்தான் மூளையில பரிசு கிடைக்குதுன்னு காட்டுற டோபமைன் செல் துடிச்சுது. பழகினப்புறம் விளக்கப் பாத்தாலே துடிக்குது. இன்னிக்குத் தண்ணி வரலன்னதும் பொசுக்குன்னு அடங்கிடுச்சு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மேலாளர் என் விடுப்புத் தாளைத் தூரத்திலிருந்தே ஆட்டிக் காட்டுவான். "கையெழுத்து மட்டும்தான்யா பாக்கி" என்பான். உடனே நான் ஞாயிற்றுக்கிழமையும் பல்லைக் காட்டிக்கொண்டு கூண்டு கழுவப் போவேன். மூன்று முறை இப்படியே நடந்துவிட்டது, விடுப்பு மட்டும் வரவில்லை. அது என் தாள்தானா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. இன்றைக்கு அதைக் கையில் வாங்கிப் படிக்காமல் கூண்டைத் தொட மாட்டேன்.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். இரண்டு பாதத்தையும் வரை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். இனி போனில் நான் "அப்பா வரேன்னு சொல்லு" என்றால் பாப்பாவிடம் சொல்லாதே. மூன்று முறையும் நீ அவளைக் குளிப்பாட்டி வாசலில் நிறுத்தினாய்; அவளை வீணாகக் காத்து நிற்க வைத்தது மேலாளர் இல்லை, நான்தான்.

உன் கணவன்