கணக்கு என்று அச்சாகிவிட்ட கணித வகுப்பு

அனுப்புநர்
மாலைக் கணித வகுப்பின் பொறுப்பாளர்
(பகலில் மூக்குக்கண்ணாடிக் கடைப் பணியாளர்)

பெறுநர்
நூலக அலுவலர் அவர்கள்

பொருள்: நூலக மாடி அறையில் நடந்துவந்த உயர்கணித வகுப்பை நிறுத்தும் ஆணையைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் ஆய்வுக்கு வந்த அன்று, "இதைப் படிச்சு யாருக்கும்மா நல்ல வேலை கெடச்சிருக்கு?" என்று கேட்டீர்கள். நான் ஐந்தாண்டு உயர்கணிதம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. என்னுடன் படித்த இருவர் பெரிய நிறுவனங்களில் உயர்ந்த பொறுப்பில் இருப்பதையும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் பாதி உண்மையாகவே இருந்திருக்கும். காலையில் ஒரு கணக்கைத் தலைக்குள் உருட்டியபடி கடைக்கு நடக்கும் சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

2. வகுப்பு தொடங்கியதே ஒரு பிழையால்தான். அறிவிப்பில் 'உயர்கணித வகுப்பு' என்பது 'கணக்கு வகுப்பு' என்று அச்சாகிவிட்டது. கணக்கர் வேலைக்கான பயிற்சி என்று நம்பிப் பதினான்கு பேர் வந்தார்கள். விளக்கி மன்னிப்புக் கேட்டேன். ஐந்து பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள், வந்தது வந்தோம், இன்று ஒரு நாள் பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள். ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே, இவர்களில் ஒருவருக்கும் கணக்கர் வேலை கிடைக்கவில்லை என்று ஆணையில் கண்டிருப்பது முற்றிலும் சரி.

3. இவர்களில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுநர். பள்ளியில் கணிதத்தில் மூன்று முறை தோற்றவர். முதல் நிரூபணத்தை முடித்த அன்று அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்.

4. தையற்கடை நடத்தும் அண்ணியும் நாத்தனாரும், ஒரே கடையில் இரண்டாண்டுகளாகப் பேசாமல் தைத்தவர்கள். அளவைக்கூடத் துண்டுச்சீட்டில் எழுதித்தான் கொடுத்துக்கொள்வார்கள். பகா எண்களுக்கு முடிவில்லை என்று நிரூபித்த மாலையில் நாத்தனார் திரும்பி, "முடிவே கெடையாதாம் அண்ணி. நம்ம சண்டையையாச்சும் முடிச்சுக்கலாம்" என்றார். அண்ணி, "மொதல்ல உன் ரெண்டாவது வரியைத் திருத்து" என்றார். அன்று இருவரும் ஒன்றாகவே வீட்டுக்குப் போனார்கள். ஆய்வுப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லாததால் நான் நிரப்பவில்லை.

5. எங்களுக்கு வந்த ஆணையின் பின்பக்கத்தில், ஆய்வு நாளன்று பலகையில் இருந்த அதே பகா எண் கேள்வியை யாரோ பென்சிலால் முயன்றிருக்கிறார்கள். யாருடைய கையெழுத்து என்று நாங்கள் விசாரிக்கவில்லை. பகா எண்களுக்கு முடிவு உண்டு என்று வைத்துக்கொண்டு, அவற்றையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டியது வரை அருமை. அப்படிக் கிடைக்கும் எண் எப்போதுமே பகா எண்தான் என்னும் மூன்றாம் வரி மட்டும் சரியல்ல. எங்களில் பலரும் அங்கேதான் இடறினோம். அதைச் சரிசெய்ய ஒரு பலகையும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

வகுப்பால் வேலை உயரும் என்று நான் உறுதி தர இயலாது. ஆயினும் அறைச் சாவியைத் திரும்பத் தருமாறும், பென்சிலால் எழுதியவரை வகுப்புக்கு அனுப்பிவைக்குமாறும் ஒன்பது பேர் சார்பில் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: நூலக மாடிப்படி
நாள்: ஜூன் 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
வகுப்புப் பொறுப்பாளர்

என் நகலில் பின்னர் எழுதியது: வியாழன் மாலை அலுவலரே வந்து கதவைத் திறந்தார். வகுப்பு முடியும்வரை இருந்தார்.