நாற்பத்தொன்றாம் பக்கத்து முத்திரை

அன்பான மாமாவுக்கு,

அக்கா மகளாக இருந்தபோதும் உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டேன், தாலி கட்டிய பிறகும் மாமா என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆன பிறகு மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? இன்றைக்கு உங்களிடம் அழ வரவில்லை. ஒருத்தரை ஊர் முன்னால் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கருணை அடிப்படையில் எனக்குத் தல்லாகுளத்தில் நூலக அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றும் பிரிவு. விளாங்குடிக் கிளை நூலகராக நீங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்த புத்தகப் பட்டியல் அட்டைகளெல்லாம் இப்போது கிடையாது மாமா. பஸ்ஸில் வரும்போதே போனில் தேடுகிறார்கள், புத்தகம் இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள், உட்கார்ந்த இடத்திலேயே தவணையைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் முதல் வாரம் திட்டியிருப்பீர்கள், இரண்டாம் வாரம் எனக்கே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

அந்த அதிகாரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆய்வுக்கு வரும்போதெல்லாம் "படிச்சிட்டுத் தாரேன்ப்பா" என்று ஒரு பழைய புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவாரே, அவர்தான். அதிகாரியிடம் யார் கையெழுத்துக் கேட்பது என்று நீங்களும் பதிவேட்டைத் திறக்காமலே விட்டீர்கள். அது உங்கள் தப்பு. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள், நான் திட்டுவேன்.

பத்தொன்பது புத்தகம் அப்படிப் போன பிறகு, இருப்பைச் சரிபார்க்க வந்தவரும் அவரேதான். "புத்தகமெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று வாசகர்கள் முன்னால் உங்களையே கேட்டார். மெமோவும் கொடுத்தார். விசாரணை முடியும் முன்னே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது, ஃபைலை மூடிவிட்டார்கள். உங்களைத் திருடன் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை.

போன மாதம் அவருடைய திருநகர் வீட்டிலிருந்து கார் டிக்கியில் நாலு பெட்டி வந்து இறங்கியது. ரிட்டயர் ஆன பிறகு தன் சொந்தச் சேகரிப்பை மக்களுக்குக் கொடுக்க அவருக்கு ஆசை வந்துவிட்டதாம். இணையத்தில் அவர் பேரிலேயே ஒரு தொகுப்பு. "பேரு மேல பெருசாத் தெரியணும்மா. கறை, கிறுக்கல் இருந்தா தொடச்சு அழகாப் போட்ருங்க" என்றார். என் பேரைக்கூட அவர் கேட்கவில்லை.

ஒரு புத்தகத்தை எடுத்தேன். முகப்புத் தாள் இல்லை, கடைசித் தாளும் இல்லை. நூலக முத்திரை இருக்கக்கூடிய இடத்தையெல்லாம் பிளேடு போட்டு எடுத்திருந்தார். நேராக நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.

ஞாபகம் இருக்கிறதா? தொலைந்த புத்தகத்தை அடையாளம் காட்ட, உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தில் ரகசியமாக ஒரு முத்திரை குத்துவீர்கள், எந்தப் பக்கம் என்று நூலகர் வெளியே சொல்ல மாட்டார். விளாங்குடிக் கிளை தொடங்கியபோது "ஒரு நம்பர் சொல்லுடி" என்று என்னிடம் கேட்டீர்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நம் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் இருப்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க அவர் புத்தகத்தைப் புரட்டியிருக்க வேண்டுமே.

அங்கே இருந்தது மாமா. ஊதா முத்திரை, பக்கத்தில் உங்கள் சாய்ந்த கையெழுத்தில் புத்தக எண். மெமோவில் இருந்த பட்டியலை வைத்துக்கொண்டு நாலு பெட்டியையும் கிளறினேன். பத்தொன்பதும் இருந்தன. ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அப்புறம் சிரித்தேன். அதற்கப்புறம் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மேலே போய் முறையிட்டிருந்தால் இன்னொரு ஃபைலைத் திறந்து இன்னொரு ஃபைலை மூடியிருப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு பக்கத்தையும் துடைக்காமல் உள்ளது உள்ளபடி ஏற்றினேன். எங்கள் பிரிவின் விதியும் அதுதான்.

போன வெள்ளிக்கிழமை காலை தொடக்க விழா. பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்தார். திரையில் அவர் பேர், அவர் கேட்டபடியே பெரிசாக. "எங்க, ஒரு புத்தகத்தத் தொறந்து காட்டும்மா" என்று அவரே சொன்னார். திறந்து, நாற்பத்தொன்றை அழுத்தினேன். 'கிளை நூலகம், விளாங்குடி' என்று சுவர் அகலத்துக்கு வந்து நின்றது. அடுத்த புத்தகத்தைத் திறந்தேன், அதிலும் நாற்பத்தொன்று. மூன்றாவது புத்தகத்துக்குள் மண்டபமே அவர் பக்கம் திரும்பிவிட்டது.

"இது எப்படிம்மா இங்க..." என்று எழுந்தார்.

"உள்ளயேதான சார் இருந்துச்சு. இம்புட்டு வருசத்துல ஒரு புத்தகத்தக்கூட நீங்க நாப்பது பக்கம் தாண்டலயா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது மாமா. கோபித்துக்கொள்வீர்களா? "விட்டுத்தொலை பாண்டி" என்பீர்கள். நீங்கள் விட்டுவிட்டுத்தானே செத்தீர்கள்?

நேற்று அலுவலகத்தில் வழி கேட்டு வீட்டுக்கே வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, "அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துரும்மா. பேரன் பேத்தியெல்லாம் போன்ல பாக்குதுக" என்றார். பேசிக்கொண்டிருந்தவர் உள்ளே மாலை போட்டிருந்த உங்கள் போட்டோவைப் பார்த்துவிட்டார். நான் யார் என்று அப்போதுதான் விளங்கியது போல. தலையைக் குனிந்து திரும்பியபோது கதவு எண் கண்ணில் பட்டது. அதையே பார்த்தபடி நின்றார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

உங்கள் ஃபைலைத் திரும்பத் திறக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். பத்தொன்பது பக்கத்துக்கும் இணைய முகவரியை அதிலேயே எழுதியிருக்கிறேன். 'இவர் திருடவில்லை' என்று அவர்கள் எழுதித் தரும் வரை அந்தப் பக்கங்களை யாரும் எடுக்க விடமாட்டேன். எழுதித் தந்த பிறகும் எடுக்க விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அதே நாற்பத்தொன்றாம் எண் வீட்டிலிருந்து,
உங்கள் அக்கா மகளும் பெண்டாட்டியுமான
பாண்டியம்மாள்