கடவுள் விஷயத்தில் என் ஓட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கர்த்தருடைய கிருபையால் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், உன் அப்பா பின்னால் வந்து எட்டிப் பார்த்து, மாத்திரையால் சுகம் என்று எழுது என்றார். போகட்டும் என்று நான் நினைப்பதற்குள் உன் மாமா சமையலறையிலிருந்து, மாத்திரையை விழுங்கத் தொண்டையைக் கொடுத்தது யாராம் என்று கேட்டார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், இரண்டு பேரும் கப்சிப். இந்த இரண்டு பேரும் ஒரு பார்வைக்கு அடங்குகிறார்களா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் என் செல்லக்குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்று சொன்னாலே இந்த வீட்டில் சண்டை வருகிறது, இருந்தாலும் நம்புகிறேன்.

விடுமுறைக்குக் குழந்தையோடு வருகிறேன் என்று நீ போனில் சொன்ன அன்று நான் தரையில் நடக்கவில்லை. அதைக் கெடுத்தது என் கூடப் பிறந்த உன் மாமா. பேத்தி வருகிறாள் என்றதும், பல் செட் செய்து கொண்டிருந்த கையோடு, வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் போதகரிடம் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்தார். பெற்றவர்களைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. உன் அப்பா ஒரு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உள்ளிருந்தே, என் பேத்தி தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் குளிப்பாட்டும்போது ஊற்றுங்கள் என்று கத்தினார். அதிலிருந்து வீட்டில் இரவு பகல் இதே பேச்சு. கடைசியில், குழந்தை தலைக்கு மேல் நின்று சண்டை போடுவதாக இருந்தால் நான் வரவே இல்லை என்று நீ போனை வைத்தாயே, அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் அம்மா. பேத்தியை இன்னும் ஒரு தடவை கூடக் கையில் வாங்கவில்லை நான், இந்த இரண்டு கிழங்களும் சேர்ந்து அதையும் கெடுக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

போதகர் நல்ல மனுஷன். நீ போனை வைத்த செய்தி கேட்டு, வீட்டில் அடித்துக்கொள்வதை விட ஆலயத்துப் பக்கத்து மண்டபத்தில் வந்து ஒரே தடவையாகப் பேசித் தீர்த்துவிடுங்கள் என்றார். கடவுள் இருக்கிறார் என்று மாமா, இல்லை என்று அப்பா, மாமா தோற்றால் ஞானஸ்நானப் பேச்சை எடுக்கக் கூடாது, அப்பா தோற்றால் ஞானஸ்நானத்தன்று கோட்டு போட்டுக்கொண்டு ஆலயத்தில் முன் வரிசையில் உட்கார வேண்டும். நேரம் பார்க்க யாரை வைப்பது என்று பார்த்தார்கள். ஜெபம் பண்ணுகிற கையாலேயே நாத்திகருக்குச் சமைத்துப் போடுகிறவள் என்பதால் இரண்டு கட்சிக்கும் என் மேல் நம்பிக்கை, என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மணி கொடுத்தார்கள், அதில் சத்தமே வரவில்லை. நான் பையிலிருந்து, காவல் பார்க்கிற நீச்சல் குளத்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், வேலைக்குப் போகிற மாதிரியே இருந்தது.

கூட்டமா கூட்டம். பாதிப் பேர் ஆலயத்துக்காரர்கள், மீதிப் பாதி அப்பாவின் கடைவீதிக் கூட்டாளிகள், இதில் இரண்டு பக்கத்திலும் பெரும்பாலானவர்கள் காலையில் நம் குளத்துக்கு வருகிறவர்கள்தான், துணி உடுத்திப் பார்த்ததும் எனக்குச் சிலரை அடையாளமே தெரியவில்லை. மாமா தன் தொழிலையே எடுத்துவிட்டார். பால் பல் விழுகிறது, அதே இடத்தில் அளவெடுத்த மாதிரி வேறு பல் முளைக்கிறது, நான் ஒரு செட் செய்ய வாரக்கணக்கில் திணறுகிறேன், இதெல்லாம் தானாக வந்ததா என்று கேட்டார். நல்ல கைதட்டல். உன் அப்பா எழுந்து, அவ்வளவு கெட்டிக்காரர் செய்த பல் எனக்கு ஏன் ஐம்பது வயதிலேயே கொட்டியது, நான் ரிப்பேர் பார்க்கிற மெஷின் அதைவிட நாள்பட உழைக்கிறதே என்றார். அதற்கும் கைதட்டல். மாமா விடுவாரா, படைத்தவர் பல்லைத்தான் கொடுப்பார், விளக்குவதும் அவரா வந்து விளக்க வேண்டும் என்றார். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது.

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் செய்து கொடுத்த பல் எனக்கு வேண்டாம் என்று மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி மாமா முன்னால் மேஜையில் வைத்துவிட்டார். வைத்துவிட்டுப் பேசினார் பார், ஒரு வார்த்தை புரிய வேண்டுமே. கையை மட்டும் ஆவேசமாக ஆட்டுகிறார், வாயிலிருந்து காற்றும் எச்சிலுமாக வருகிறது. முன் வரிசையில் ஒரு அம்மாள், இவருக்கு ஆவி இறங்கி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுகிற வரம் வந்துவிட்டது என்று எண்ணி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு போய்ப் பாவமாகிவிட்டது. அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி பொக்கை வாயோடு நிற்கிறார், விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. அப்போது உன் மாமா எழுந்தார். பல்லை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவி, தன் கைக்குட்டையால் துடைத்து, அப்பா பக்கத்தில் வந்து நின்று, "கடவுள் இல்லைன்னு சொல்றதையாவது தெளிவாச் சொல்லுங்க மச்சான்" என்றார். அப்பா வாயைத் திறந்தார். மாட்டிக்கொண்டதும், கீழ்ப்பக்கம் கொஞ்ச நாளாகக் குத்துகிறது என்று மெதுவாக முறையிட்டார். மாமா பையிலிருந்து அரத்தை எடுத்து அங்கேயே ராவிக் கொடுத்தார். அதுவரை கடவுள் காத்துக்கொண்டிருந்தார், இருந்தால்.

பிறகு ஓட்டு. கடவுள் இருக்கிறார் என்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் போதகர். ஒரே சலசலப்பு, யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. நான் கூட்டத்தை அமர்த்த விசிலை நீளமாக ஒரு ஊது ஊதினேன். நம் குளத்தில் நீள விசில் என்றால் எல்லாரும் தண்ணீரை விட்டு எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்காதவர்களை நான் என்ன பாடு படுத்துவேன் என்று ஊருக்கே தெரியும். அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள், நாத்திகர்கள் உட்பட. உன் அப்பாவும் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று அவருக்கு உறைத்தது, முகத்தைப் பார்க்க வேண்டுமே. செல்லாது செல்லாது என்று ஒரே கூச்சல். சரி, எல்லாரும் உட்காருங்கள், இல்லை என்பவர்கள் மட்டும் எழுந்து நிற்கலாம் என்றார் போதகர், கூச்சல் இன்னும் கூடியது, என் கை சும்மா இருக்குமா, மறுபடியும் ஊதிவிட்டேன். இந்தத் தடவை உன் மாமாவே முதல் ஆளாக எழுந்து நின்றார், அவருக்கு அடுத்தபடியாகப் போதகர், அவரும் காலையில் நீந்த வருகிறவர்தானே. ஆக, இருக்கிறார் என்று சொன்னவர்களும் இல்லை என்று சொன்னவர்களும் ஒரே ஆட்கள். போதகர் தலையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்து, இனி நேரம் பார்த்த அம்மா சொல்வதுதான் தீர்ப்பு என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு பக்கம் கூடப் பிறந்தவர், ஒரு பக்கம் தாலி கட்டியவர், இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் ஜெபம் பண்ணுகிறவள்தான், உனக்குத் தெரியும், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னாலும் அவருக்கும் சேர்த்துத்தான் தினமும் பண்ணுகிறேன். என் மனசில் இருப்பதைச் சொல்வது பெரிய காரியமில்லை. ஆனால் அப்போது எனக்குக் கடவுள் ஞாபகமே வரவில்லை அம்மா, நீ போனை வைத்த சத்தம்தான் காதில் கேட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இருக்காரா இல்லையான்னு நான் கண்டிப்பாச் சொல்றேன். ஆனா இன்னிக்கு இல்ல. என் பொண்ணும் பேத்தியும் வந்து இருந்துட்டு, கிளம்பிப் போற அன்னிக்குச் சொல்றேன். அதுக்குள்ள எந்தக் கட்சி சண்டையை ஆரம்பிக்குதோ, அதுக்கு எதிராத்தான் என் ஓட்டு" என்றேன். நம் குளத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, அங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டை நீ பார்க்க வேண்டும். சாப்பிடும் முன் மாமா ஜெபம் பண்ணினால் அப்பா கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் காத்திருக்கிறாரே என்று மாமா ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார், எங்களுக்குச் சோறு இப்போதுதான் சூடாகக் கிடைக்கிறது. குறித்த நாளையும் மாமாவே போய் ரத்து செய்துவிட்டு வந்தார். ஞானஸ்நானம் கொடுப்பதா வேண்டாமா என்பது உன் பாடு, மாப்பிள்ளை பாடு, கொடுத்தாலும் என் பேத்திதான், கொடுக்காவிட்டாலும் என் பேத்திதான். அவர்கள் இரண்டு பேரும் தனித்தனியே வந்து என் காதில், உன் ஓட்டு நமக்குத்தானே என்று கேட்கிறார்கள். பார்க்கலாம் என்கிறேன். அப்பா வெங்காயம் உரித்துத் தருகிறார், மாமா சொட்டுகிற குழாயெல்லாம் சரிபண்ணிக் கொடுக்கிறார். இவ்வளவு நாள் தெரியாமல் போய்விட்டதே என்று இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த சுகத்தோடும் இருக்க வேண்டும், என் தங்கத்துக்குத் திருஷ்டி படாமல் இருக்க வேண்டும். குளிருக்குக் குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. பயப்படாமல் கிளம்பி வா, வருகிற தேதியை உடனே எழுது. திரும்பிப் போகிற டிக்கெட்டை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதே, நீங்கள் எத்தனை நாள் இருக்கிறீர்களோ அத்தனை நாள்தான் எனக்கு நிம்மதி.

வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா