மலையை மூடச் சொன்ன மதினிக்கு

மதினி, முந்தாநாள் வீட்டுக்கு ஓடு மாற்ற ஆள் வந்திருந்தான். எறவானத்தில் செருகிக் கிடந்த, நீங்கள் ஆட்டுக்குக் குழை பறிக்கிற தொரட்டியை உருவிக் கீழே போட்டான். கொக்கி துருவேறிவிட்டது. கழி மட்டும் உங்கள் கை பட்ட இடத்தில் இன்னும் வழவழவென்று இருக்கிறது. எடுத்ததும் ஆட்டு வாடை அடித்தது. இத்தனை வருஷம் கழித்து வாடை எங்கே இருக்கும் என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்கு அடித்தது, அவ்வளவுதான்.

அது வந்து விழுந்த நேரத்தைப் பாருங்கள். நாளைக்குச் சாவடியில் ஊர்க்கூட்டம். நீங்கள் மூடச் சொன்ன மலையடிவாரத்தைத் திரும்ப ஆட்டுக்குத் திறப்பதா, மூடியே வைப்பதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். ஓடையோரத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள். நீங்கள் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை. நான் என்னத்தைப் பேச?

மழை பொய்த்த அந்த வருஷம் ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். கவர்மெண்டில் ஒரு வேலைக்குத்தான் பணம், எது முதலில் வேண்டும் என்று ஊரே பேசிச் சொல்லுங்கள் என்றார். அதுவரைக்கும் நம்மை யார் கேட்டார்கள்? ஊரே திகைத்துப் போனது. கண்மாயைத் தூர் வாரினால் கீழே வயல் வைத்திருப்பவர்களுக்கு நல்லது. மலையடிவாரத்தில் ஆடு மாடு ஏறாமல் மூடி, கன்று நட்டால் ஓடை பிழைக்கும், ஓடையோரத்தில் வறண்டு கிடந்த என் கிணறு ஊறும். ஆனால் உங்கள் ஆடுகள் எங்கே போகும்? அண்ணன் போன பிறகு அந்த ஆடுகளை நம்பித்தானே உங்கள் அடுப்பு எரிந்தது.

கிணறு கிடக்கட்டும், மதினி ஆடு பிழைக்கட்டும் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். உங்களிடம்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தில் எழுந்து, "கண்மாயத் தூர் வாருங்க" என்றேன். "ஏத்தா, உன் தோட்டத்துக்கு ஓடைத் தண்ணியில்ல வேணும்? கண்மாயில உனக்கு என்ன இருக்கு?" என்று நாட்டாமை கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் எழுந்தீர்கள். "மலைய மூடுங்கய்யா. ஆட்டுக்காரி நான் சொல்றேன், மூடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆட்டுக்காரியே சொல்லிட்டா, அப்புறம் என்ன பேச்சு?" என்று கைகள் மளமளவென்று உயர்ந்தன. ஓரத்தில் நின்ற மாயாண்டி அண்ணன்தான் கத்தினார். அவரும் உங்களோடு மலைக்கு ஆடு பத்தியவர். "ஒன் ஆட்ட நீ வித்துக்க. என் ஆட்ட விக்கச் சொல்ல நீ யாரு?" நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவரை அப்புறம் யாரும் பேச விடவுமில்லை.

கம்பத்து வியாபாரி வந்து ஆடுகளை ஓட்டிப்போன அன்றைக்கு இந்தத் தொரட்டியோடு என் வாசலுக்கு வந்தீர்கள். "உன் எறவானத்துல கெடக்கட்டும். இங்கன இருந்தா என் கண்ணுல படாது" என்றீர்கள். ஏன் மதினி இப்படிப் பண்ணினீர்கள் என்று அழுதேன். "மேச்சு மேச்சுக் காலு நோகுதுடி" என்றீர்கள். பொய். மறு வாரமே ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போனது அதே கால்தானே? பக்கத்து வீட்டில் வேறு காரணம் சொன்னீர்களாம், தூர் வாரினால் வண்டல் அள்ளுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம் என்று. வியாபாரியிடம், கிறுக்குப் பிடித்துவிட்டது என்றீர்களாம். எதைத்தான் நம்புவது?

நீங்கள் கண்ணை மூடுவதற்கு முன்னால், படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் கஞ்சி கொண்டுவந்தேன். நான் கேட்காமலே சொன்னீர்கள். "நீ எந்திரிச்சுக் கண்மாயின்னு சொன்ன பாரு, எனக்கு வந்துச்சு கோவம். எனக்கு நீ பிச்சை போடுறியா?" அதோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்படியானால் அது என் மேல் பாசமா, ரோஷமா? என் கிணற்றுக்காகவா, என்னைத் தோற்கடிக்கவா? உங்களை நினைத்தால் அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

இப்போது ஓடையில் தண்ணீர் வருகிறது. என் கிணறு கோடையிலும் வற்றுவதில்லை. மலையடிவாரம் பச்சையாகத்தான் இருக்கிறது. மாயாண்டி அண்ணன் மிச்சமிருக்கும் ஆடுகளை ரோட்டோரத்தில் மேய்க்கிறார், லாரிக்குப் பயந்து பயந்து. இன்றைக்குக் காலையில் வாசலில் நின்று, "ஆத்தா, நாளைக்கு நீ என்ன சொல்லப்போற?" என்றார். "தெரியலைண்ணே" என்றேன். நம்பாமல் போனார். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, மதினி. திறந்துவிட்டால் ஓடை செத்துப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. மூடியே வைத்தால் அவரை எப்படி ஏறிட்டுப் பார்ப்பேன்?

ஒன்று மட்டும் செய்யப்போகிறேன். இந்தத் தொரட்டியைச் சாவடிக்கு எடுத்துப் போவேன். "தோட்டக்காரி பேசணும்" என்று கூப்பிடுவார்கள். எழுந்து, இதை மாயாண்டி அண்ணன் கையில் கொடுத்து, "மொதல்ல நீங்க பேசுங்கண்ணே, முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். என் கிணற்றுக்காக ஒருத்தர் முந்திக்கொண்டு பேசியது போதும்.