முருங்கைக் கிளையும் கீர்த்தனாவின் குரலும்

என் அன்பு அண்ணனுக்கு,

நீ நட்ட முருங்கையை வெட்டிவிட்டேன். முழுசாக இல்லை, மேல் கிளைகளை மட்டும். கோபப்படாமல் மீதியையும் கேள்.

மாடியில் நெட்டுக்கு வைத்த ஆன்டெனா தட்டு ஞாபகம் இருக்கிறதா? தவளக்குப்பம் பக்கத்து டவரைப் பார்த்து நீதானே திருப்பி வைத்தாய்? அப்போது முருங்கை இடுப்பளவு. நீ எங்களை விட்டுப் போன இந்த இரண்டு வருஷத்தில் மாடியைத் தாண்டிவிட்டது.

உன் மகள் கீர்த்தனா நர்சிங் முடித்துவிட்டாள். போன மாசம் பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து நெட் காலில் இன்டர்வியூ. குரல் துண்டு துண்டாக விழுந்தது. நான் உன் தங்கச்சி ஆயிற்றே, "சத்தமா பேசுடி, கேக்கும்" என்று பின்னாலிருந்து கத்தினேன். அவளும் கத்தினாள். திரையில் கேள்வி கேட்ட அம்மாள் காதில் மாட்டியிருந்ததையே கழற்றிவிட்டார். பிறகு லைனும் போனது. இரண்டு நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்று மெயில் வந்தது.

நெட் லைன் பார்க்கும் சேகரை வரவழைத்தேன். "படம்லாம் நல்லா ஓடுதேப்பா, பேச்சுக்கு மட்டும் இன்னா?"

"படம் முன்னாடியே கொஞ்சம் சேத்து வச்சிக்கினு ஓடும்க்கா. பேச்ச அப்டி சேத்து வைக்க முடியாது, அப்பப்ப வந்தாவணும். உங்க முருங்க குறுக்க நிக்குது. எல நனைஞ்சா இன்னும் மோசம்."

உன் பேச்சில் ஒரு வரியைக்கூட நாங்கள் பதிந்து வைக்கவில்லையே அண்ணா. வீட்டு முன்னால் முருங்கை வைத்தால் பேய் வரும் என்று ஊரே சொன்னபோது, "வரட்டும், கீர குடுத்து அனுப்பறேன்" என்று நட்டவன் நீ. அந்த மரத்தில் யாரையும் கை வைக்க விடாமல் சண்டை போட்டவள் நான்.

"வேணாம் அத்தை, வில்லியனூர்ல ஃப்ரெண்டு வூட்ல போய் பேசிக்கிறேன்" என்றாள் கீர்த்தனா. உன் மகள் அடுத்தவர் வீட்டு நெட்டுக்குக் காத்திருப்பதா? அரிவாளை நானே எடுத்தேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன்.

இன்டர்வியூ அன்று குரல் அறுபடவே இல்லை. வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். உன்னைப் பற்றியும் சொன்னாள், திணறாமல். நான் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றேன். வேலை கிடைத்துவிட்டது அண்ணா!

வெட்டிய கிளையில் ஒன்றைத் தோட்டத்தில் ஊன்றினேன், துளிர் விட்டிருக்கிறது. அடுத்த வாரம் அவள் கிளம்புகிறாள். ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். உன் மரம் தட்டுக்கு மேல் தலைதூக்கும்போதெல்லாம் நானே கழித்துவிடுவேன். அவள் குரல் இந்த வீட்டுக்கு முழுசாக வந்து சேரும்.

கத்தாமல் பேசப் பழகிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி செல்வி