சட்டம் கைவிட்ட கறுப்பி

ஆகஸ்ட் 30

ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஓநாய் போதுமான அளவு பெருகிவிட்டதாம். இனி இங்கே மொன்டானாவில் அதற்குப் பாதுகாப்பு கிடையாது. வேட்டைச் சீட்டு வாங்கினால் சுடலாம். பதினோரு வருஷமாக அந்தப் பாதுகாப்புச் சட்டத்தைத் திட்டியே வயிறு வளர்த்த என் புருஷன் வெண்டல் அடுப்படியில் ஒரு ஆட்டம் போட்டான் பார்!

"யோவ், இனிமே யாரைத் திட்டுவ?"

"நீ இருக்கியேடி."

செப்டம்பர் 4

சீட்டு வாங்கிவிட்டான்.

செப்டம்பர் 12

எங்கள் மேட்டு மேய்ச்சலில் திரிகிறவள் கறுப்பி. தாய் ஓநாய். என்ன நடை, என்ன திமிர்! நாலு வருஷமாக எங்கள் கன்று ஒன்றையும் தொட்டதில்லை. மான்தான் தின்பாள். வேறு ஓநாய்க் கூட்டத்தையும் உள்ளே விடமாட்டாள். அவள் போய்விட்டால் குட்டிகள் தறிகெட்டுக் கன்றுமேல்தான் பாயும். வெண்டலிடம் சொன்னேன்.

"ஓநாய்க்கு வக்கீலா வந்துட்டியா?"

"ஆமா. ஃபீஸ்கூட வாங்கல."

அவன் சிரிக்கவில்லை. சுடும் உரிமை வேணும்னு ஊர்க் கூட்டத்துக்கெல்லாம் போய்க் கத்தினவன். இப்போது சும்மா இருந்தால் ஊர் சிரிக்காதா? அதுதான் அவனுக்குப் பயம். எனக்கு — அவளை நினைத்து.

செப்டம்பர் 26

விடியும்போதே துப்பாக்கியோடு போனான். ரொட்டியைக் கருக்கிவிட்டேன்.

மத்தியானம் வந்தான். ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லையே? இரண்டு கப் காபி போனபிறகுதான் வாய் திறந்தது.

"நாப்பது அடிதான். நம்ம மாட்டுக்கு நடுவுல நடந்து போறா. ஒரு மாடுகூடத் தலை தூக்கலடி. மேஞ்சுக்கிட்டே இருக்கு!"

"நீ என்ன பண்ணின?"

"மாட்டு மேல குண்டு பட்டுட்டா?"

பொய். வேலிக்கம்பில் உட்கார்ந்த ஈயைச் சுடுகிறவன். கிண்டல் பண்ண நாக்கு துடித்தது. பண்ணவில்லை. கருகின ரொட்டியையும் குறை சொல்லாமல் தின்றான், பாவம்.

அக்டோபர் 19

மாடுகளை மேட்டிலிருந்து இறக்கினோம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் உதவிக்கு வந்திருந்தார்கள். ஒரு கன்றும் குறையவில்லை. அவர்களில் ஒருவன் ஹார்லன், பட்டி வாசலில் அத்தனை பேர் முன்னால், "என்ன வெண்டல், ஓநாய் கிடைச்சுதா?" என்றான்.

நானே ஏதாவது கதை அளந்துவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவன் —

"கிடைச்சுது. வேலைக்கு வச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டல் என் பக்கம் திரும்பவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.